கூத்துக்காரர் வீடுதான் கூத்தின் இடமா? பண்பாட்டை வரைபடமாக்குவது பற்றிய கேள்வி பதில்

வந்தவாசி, செய்யாறு, காஞ்சிபுரம், செஞ்சி வட்டாரங்களில் இயங்கும் தெருக்கூத்து மன்றங்களையும் அவை விடிய விடிய ஆடும் ஊர்களையும் எண்ம வரைபடத்தில் பதியும் வேலையில் சில ஆண்டுகளாக ஈடுபட்டுவருகிறேன். அந்த வேலையைப் பற்றியும், அதே முறையை மற்றக் கலைகளுக்கும் தொழில்களுக்கும் கைக்கொள்வதைப் பற்றியும் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (நாட்டார் வழக்காற்றியல் மாணவி, பாளையங்கோட்டை): கலைஞர்கள் வாழும் ஊர்களைப் பட்டியலிட்டால் போதாதா? அதையே வரைபடத்தில் புள்ளிகளாக வைப்பதால் புதிதாக என்ன தெரிந்துவிடப்போகிறது?

பதில்: புள்ளிகளை மட்டும் வைத்தால் ஒன்றும் தெரியாது. என் முதல் ஆண்டு வேலை முழுவதும் அப்படித்தான் வீணாயிற்று. மன்றத்தின் பெயர், கூத்து கற்பிக்கும் வாத்தியார் பெயர், ஊர், கைப்பேசி எண் என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தேன். அந்த வரைபடத்தை ஒரு மூத்த பெட்டிக்காரரிடம், அதாவது கூத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவரிடம், காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நாங்க தூங்குற இடம், ஆடுற இடம் எங்க?" என்று கேட்டார். பிறகு திண்ணையிலேயே ஒரு சாக்கட்டியை எடுத்து, அந்த ஆண்டு பங்குனியிலிருந்து ஆடி வரை தாம் போய்வந்த ஊர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே கோடு இழுத்தார். திண்ணை போதாமல் கோடு வாசற்படியில் இறங்கிற்று.

அந்தக் கோடுகளைக் கணினியில் ஏற்றியபோதுதான் கேட்க வேண்டிய கேள்விகள் எழுந்தன. ஐந்து கிலோமீட்டரில் ஒரு நல்ல மன்றம் இருக்க, ஓர் ஊரின் தாம்பூலம், அதாவது கூத்தாடக் கொடுக்கும் அழைப்பு, ஆண்டுதோறும் நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள மன்றத்துக்கே போவது ஏன்? சில இடங்களில் அதற்குக் காரணம் பாணி. வடக்கத்தி பாணியைப் பார்த்துப் பழகிய ஊர் தெற்கத்தி பாணிக் கூத்தை எளிதில் அழைப்பதில்லை. சில இடங்களில் காரணம் உறவு. வாத்தியாரின் மாமனார் ஊர் என்பதால் தாம்பூலம் மாறாமல் வருகிறது. பட்டியலில் இவை எதுவும் தெரியாது, ஏனென்றால் பட்டியலில் இரண்டு ஊர்களுக்கு இடையில் தூரம் என்பதே இல்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியர், செய்யாறு): ஆண்டுக்கணக்கில் மன்றங்களோடு அலைய முடியாதவர்கள் இத்தகைய தரவை எங்கிருந்து எடுப்பது?

பதில்: ஐயா, உங்கள் ஊர் அச்சகத்திலிருந்து எடுக்கலாம். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவுக்கு அச்சிடும் நோட்டீஸைப் போல ஒழுங்கான களத்தரவை நான் வேறெங்கும் கண்டதில்லை. மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் தாளில், நாள்வாரியாகத் தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும், பகலில் பாரதச் சொற்பொழிவு யார், இரவில் வில் வளைப்பா, துகிலா, அர்ச்சுனன் தபசா, கர்ண மோட்சமா, ஆடும் மன்றம் எது, அந்த இரவுக்கு உபயம் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓர் இரவுக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள்; ஊர், நாள், கூத்து, மன்றம், உபயதாரர் ஆகிய ஐந்தும் ஐந்து புலங்கள். உபயதாரர் புலத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் தெருவாரியாகவும் வகையறாவாரியாகவும் இருந்த உபயம், இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெயரில் வருவதை அந்தப் புலத்தில்தான் பார்த்தேன். எந்தக் கூத்து நிலைக்கிறது, எது விடுபடுகிறது என்பதற்கும் பணம் வரும் இடத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

பழைய நோட்டீஸ்கள் விழாக்குழுவினர் வீட்டுப் பரணில் இருக்கும். அச்சகங்கள் மாதிரிக்காகச் சேர்த்துவைத்த கட்டு கிடைத்தால் அது உங்கள் நல்வினை. நோட்டீஸில் இருந்தும் ஆடாமல் போன இரவுகள் உண்டு என்பதால், மழை பெய்ததா, துக்கம் நேர்ந்ததா என்று ஊரில் ஒருவரிடமாவது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், கோவை): என்ன மென்பொருள்களைப் பயன்படுத்துகிறீர்கள்?

பதில்: களத்தில் தரவு பதியக் கோபோ டூல்பாக்ஸ் அல்லது கியூஃபீல்ட், மேசைக்கணினியில் வரைபடம் ஆக்கக் கியூஜிஐஎஸ், அடிவரைபடத்துக்கு 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். எல்லாமே செலவில்லாதவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதத் தனிப் புலம் இருப்பதால், விடுபட்ட பெயர்களை நீங்களே சேர்த்துவிடலாம்.

மென்பொருளைவிட அதிகமாகத் தொல்லை தருவது ஊர்ப்பெயர். புதுப்பாளையம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறை நான் தவறான புதுப்பாளையத்துக்குக் கோடு இழுத்ததால், ஒரு மன்றம் ஒரே இரவில் இரண்டு மாவட்டங்களைத் தாண்டிப் பறந்ததாக வரைபடம் காட்டியது. அதன் பிறகு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமக் குறியீட்டை ஒவ்வொரு வரியிலும் எழுதுகிறேன். கோவைக்காரர் என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூரத்தை மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை ஒரு மண்டல எல்லை; கோவையும் ஈரோடும் 43ஆம் மண்டலத்திலும், மதுரையும் திருவண்ணாமலையும் 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. பவானி ஜமக்காள நெசவாளர்களையும் ஆரணிப் பட்டு நெசவாளர்களையும் ஒரே கோப்பில் வைக்கும்போது இதை மறந்தால் அளவுகள் பிசகும்.

கேள்வி (ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், வேலூர்): பழைய கள ஆய்வுகளில் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு என்றே எழுதியிருக்கிறார்கள். அவற்றை இன்றைய மாவட்டங்களோடு ஒப்பிடலாமா?

பதில்: மாவட்ட அளவில் ஒப்பிடவே கூடாது. திருவண்ணாமலை 1989இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்தது. தென் ஆர்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்றாயிற்று. 2019இல் வேலூர் மூன்றாகவும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் பிரிந்தன. இந்த எல்லைகளை வைத்து எண்ணினால், ஒரு மன்றம்கூடக் கலையாத நிலையில் "வேலூர் மாவட்டத்தில் கூத்து அழிந்துவருகிறது" என்று முடிவு கட்டிவிடுவோம். ஊர் அளவில் பதிந்துவையுங்கள்; மாவட்டம் என்பது பிறகு எப்போது வேண்டுமானாலும் மேலே விரிக்கக்கூடிய ஓர் அடுக்குதான். கூத்துக்கு மாவட்டம் தெரியாது என்பதற்குத் தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசையே சாட்சி. திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊருக்குக் காஞ்சிபுரம்தான் பக்கம்.

கேள்வி (இதழியல் மாணவர், சென்னை): பதிவுகள் மிகுந்த இடத்தை அடர்நிறத்தில் காட்டும் வெப்பப்படத்தில் ஒரு வட்டாரம் அடர்சிவப்பாகத் தெரிந்தால், அங்கே படைப்பாற்றல் மிகுதி என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். பேருந்து வசதியுள்ள ஊர்களுக்கு நாங்கள் அடிக்கடி போனோம் என்பதைத்தான் பல வேளைகளில் அந்தச் சிவப்பு காட்டுகிறது. என் வரைபடத்திலேயே வந்தவாசிச் சாலையின் இருபுறமும் பளபளக்கிறது. யார் எந்த நாளில் எந்த ஊருக்குப் போனார் என்பதைத் தனி அடுக்காக வைத்து, போகாத ஊரைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள். போய்ப் பார்த்து இல்லை என்று அறிந்த ஊரும், போகவே போகாத ஊரும் ஒரே வெள்ளையாகத் தெரிவது பெரும் பிழை.

கேள்வி (ஓவியர், புதுச்சேரி): கூத்து கண்ணுக்குத் தெரியும் நிகழ்வு. எனக்குப் படம் தோன்றும் இடத்தை எப்படி வரைபடமாக்குவீர்கள்?

பதில்: ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில் புவியியலாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். இசைஞர், ஓவியர், எழுத்தாளர் போன்றோரிடம் பேட்டியின்போது ஒரு தாள் வரைபடத்தைக் கொடுத்து, வேலை செய்யும் இடத்தையும் ஊக்கம் பெறும் இடத்தையும் வரையச் சொன்னார்கள். பின்னர் அத்தனை தாள்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். படைப்புத்தொழில் நகர மையத்தில்தான் குவியும் என்ற பொது நம்பிக்கைக்கு மாறாக, புறநகர் வீடுகளும் கடலோரமும் எழுந்துவந்தன.

நீங்களும் பத்து ஓவியரிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பாருங்கள். புள்ளி வைக்கச் சொல்லாமல், பென்சிலால் வளைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். "இந்தப் பக்கமெல்லாம்" என்று கையை அகல வீசிச் சொல்லும் இடத்தை ஒற்றைப் புள்ளியாக்கினால், அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதியது போலாகும். நான் கூத்துக்காரர்களிடம் கேட்டபோது, பலர் அடவு கற்ற இடமாக வளைத்தது எந்தக் கட்டடத்தையும் அல்ல, அறுவடை முடிந்த நிலத்தை.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எங்கள் ஊரில் பறை அடிப்பவர் வீட்டைக் குறித்தால், அது எந்தத் தெரு என்பது உலகுக்கே தெரிந்துவிடும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பதில்: பேசியே ஆக வேண்டும். நம் ஊர்களில் வீடு இருக்கும் தெருவைச் சொன்னாலே சாதியைச் சொன்னதாகிவிடுகிறது. கலைஞரைச் சிறப்பிக்க வைத்த புள்ளி அவர் சாதியை அறிவிக்கும் பலகையாகிவிடும். ஆகவே தனிமனிதர் வீட்டை நான் வெளியிடுவதே இல்லை. பொதுப் பார்வைக்கான பிரதியில் ஊரின் மையத்தில் ஒரே புள்ளி. துல்லியமான இடம் மன்றத்தாரிடம் இருக்கும் பிரதியில் மட்டும்.

இதை நானும் பட்டுத்தான் கற்றேன். தொடக்கத்தில் கைப்பேசி எண்களோடு வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்து, இடைத்தரகர்கள் கலைஞர்களை நேரடியாக அழைத்து, பாதி விலைக்கு மேடை நிகழ்ச்சிகளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு வாத்தியார் என்னோடு ஓராண்டு பேசவில்லை. சம்மதம் வாங்கியிருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் "படத்தில் பெயர் போடலாமா" என்று மட்டுமே கேட்டிருந்தேன், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை. சில கோயில்களில் படுகளத்தின், அதாவது பாரதப் போர்க்கள நிகழ்வின், சில சடங்குகளைப் படமெடுக்கவோ குறிக்கவோ வேண்டாம் என்று சொன்னால், அந்த இடம் வரைபடத்தில் வெறுமையாகவே இருக்கட்டும்.

கேள்வி (ஊராட்சிச் செயலாளர், திருவள்ளூர்): ஒன்றிய அரசு ஏற்கெனவே ஊர்தோறும் பண்பாட்டுத் தகவல்களைத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறதே?

பதில்: ஆம், தேசியப் பண்பாட்டு வரைபட இயக்கத்தின் கீழ் 2023இல் "மேரா காவ்ன் மேரி தரோஹர்" தளம் வந்தது, ஆறரை லட்சம் ஊர்களைச் சேர்ப்பது அதன் நோக்கம். ஓர் ஊருக்கு ஒரு பக்கம் என்பதால் அறிமுகத்துக்கு நல்லது. ஓர் ஊர் இன்னோர் ஊரிலிருந்து எதைப் பெறுகிறது என்பது அத்தகைய பக்கங்களில் அடங்காது. பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தமடை என்று ஒரு புள்ளி வைத்தால், தாமிரபரணிக் கரையில் விளையும் கோரை, அதை அறுப்பவர், வாங்கி ஊறவைத்துக் கிழிப்பவர், நூல் தருபவர் எல்லோரும் மறைந்துவிடுகிறார்கள். நாளைக்குக் கோரை கிடைக்காமல் நெசவு நின்றால், காரணம் அந்தப் புள்ளியில் இருக்காது.

கேள்வி (முதல் கேள்வி கேட்ட மாணவி): வேலை முடிந்ததும் வரைபடத்தை யாரிடம் கொடுப்பீர்கள்?

பதில்: பெரிய தாளில் அச்சிட்டு மன்றங்களுக்குக் கொடுக்கிறேன், பெரும்பாலான கலைஞர்கள் இணைய இணைப்பைத் திறந்து பார்ப்பதில்லை. செய்யாறு பக்கத்தில் ஒரு வாத்தியார், அதைத் தம் வீட்டில் புஜக்கட்டையும் கிரீடமும் தொங்கும் சுவரிலேயே ஒட்டிவைத்திருக்கிறார். சென்ற மாசியில் போனபோது, நான் வரைந்த ஒரு கோட்டை நீலப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் வேறோர் ஊர்ப் பெயரை எழுதி, "இந்த வருஷம் இங்க தாம்பூலம்" என்று குறித்திருந்தார். அதைப் படமெடுத்துவந்து கோப்பைத் திருத்தினேன்.