நீளமான சொல்லை எங்கே பிரிப்பது?

கேள்வி: இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். நீளமான ஆங்கிலச் சொற்களை சிலபிள் சிலபிளாகப் பிரித்துப் பழகியும், நான் சொல்வது கேட்பவர்களுக்குப் புரிவதில்லை. எங்கே தவறு? - ஒரு வாசகி, மதுரை

பதில்: பிரிப்பதில் தவறில்லை. பிரித்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன், தமிழ் பேசும் நாக்குக்கு அதுதான் இயல்பு. ஆங்கிலத்தில் ஒரு துண்டு ஓங்கி ஒலிக்கும், மற்றவை அடங்கும். குற்றியலுகரத்தில் உகரம் பாதியாகக் குறைகிறதே, ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத எந்த உயிரும் அப்படிக் குறையலாம்.

ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் துண்டில் அழுத்தம். கடைசியில் ஒரு 'இ' சேர்ந்து ஃபோட்டோகிராஃபி ஆனதுமே அழுத்தம் இரண்டாவதுக்குத் தாவி, ஃப-டாக்-ர-ஃபி என்று ஒலிக்கும், 'ஃபோ' வெறும் 'ஃப' ஆகிவிடும். ஃபோட்டோகிராஃபிக் என்றால் 'கிரா'வில். பகுதி ஒன்றுதான், விகுதி மாற மாற அழுத்தம் நகர்கிறது. அதனால் முதலில் விகுதியைப் பாருங்கள். ஷன், இக், இட்டி என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய துண்டில்தான் அழுத்தம்: எலக்ட்ரிக்கில் 'லெக்', எலக்ட்ரிசிட்டியில் 'ட்ரி'. (பாலிடிக்ஸ் இதற்கு அடங்காது, அதில் முதல் துண்டுதான்.) நெஸ், ஃபுல், லெஸ் சேர்ந்தால் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்புறம், சிலபிள் வேறு, பொருள் தரும் உறுப்பு வேறு. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, படித்தான் என்பது வாயில் ப-டித்-தான், இலக்கணத்தில் படி+த்+த்+ஆன். ஹெலிகாப்டரும் அப்படித்தான். வாயில் ஹெ-லி-காப்-டர், ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் 1861இல் அதை உருவாக்கியது சுருள், சிறகு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து, ஹெலிகோ+ப்டெர் என்று. காப்டர் என்று ஓர் உறுப்பே அதில் கிடையாது! அழிந்துபோன பறக்கும் ஊர்வனவான டெரோடாக்டைலின் தொடக்கத்தில் இருப்பதும் இதே 'ப்டெர்'தான், அங்கே 'ப்' ஒலிப்பதில்லை.

பொருள் புரிய உறுப்பாகப் பிரியுங்கள், பேச சிலபிளாகப் பிரியுங்கள். அகராதியின் ஒலிக்குறிப்பில் அழுத்தமான துண்டுக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தத் துண்டை மட்டும் முதலில் உரக்கச் சொல்லிவிட்டு, மற்றவற்றை முன்னும் பின்னும் மெதுவாக ஒட்டிக்கொண்டே வாருங்கள்.