அம்மாவின் சேமிப்பு முதலில் அம்மாவின் நடைக்கே

கேள்வி: தனியாக வசித்துவந்த என் அம்மா (வயது 74) இரண்டு மாதங்களுக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, என் வீட்டில் வாக்கர் பிடித்து நடக்கிறார். பென்ஷனும் ஒரு ஃபிக்சட் டெபாசிட்டும் இருக்கின்றன. அவர் வீட்டை விற்று முழுநேர ஆள் போடலாம் என்கிறார் அண்ணன். நான் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவோ தன் வீட்டுக்கே போகவேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: வீட்டை விற்பது, வேலையை விடுவது இரண்டையும் இப்போது தொடாதீர்கள். விற்ற வீடு திரும்ப வராது; விட்ட வேலையும் பெரும்பாலும் அதே சம்பளத்தில் கிடைக்காது. இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் நடையை மீட்பதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் நடக்கிறது. சிலருக்கு ஒரு வருடம் ஆகும். எல்லோரும் பழைய நடைக்குத் திரும்புவதில்லை என்பதும் உண்மை. உங்கள் அம்மா எந்தப் பக்கம் என்று இரண்டாம் மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது.

ஆறாம் மாதம் வரை பணம் முதலில் போகவேண்டியது பிசியோதெரபிக்கு. வலி குறைந்ததும் பல குடும்பங்கள் முதலில் நிறுத்துவது இதைத்தான். நலமாக இருந்த முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சிமுறை, கால் வலுவையும் சமநிலையையும் கூட்டி, விழுவதை மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கிறது. இரண்டாவது எலும்புமுறிவின் செலவோடு ஒப்பிட்டால் பயிற்சிக் கட்டணம் சிறியது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கண் பரிசோதனை, தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் தலைசுற்றல் தருகின்றனவா என்று மருத்துவரிடம் கேட்பது, இவற்றையும் இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

அடுத்தது அவருடைய வீடு. கழிவறையிலும் குளியலறையிலும் சுவரில் இறுக்கிய கைப்பிடிகள் (துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது), வழுக்காத தரை, உயரமான கழிவறை இருக்கை, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு. இது ஒருமுறைச் செலவு. ஆள் சம்பளம் மாதாமாதம்.

ஆள் போடுவதே தவறு என்று சொல்லவில்லை. குளிக்கும்போதும் இரவிலும் துணை வேண்டும். ஆனால் தண்ணீர் டம்ளர்வரை கையில் கொண்டுவந்து தரும் ஆளை 24 மணி நேரமும் வைத்தால், சம்பளம் கொடுத்து அம்மாவை உட்காரவைக்கிறீர்கள். எழுந்து செய்ய விட்டு, பக்கத்தில் நிற்கத் தெரிந்தவரைப் பாருங்கள். மாதாமாதம் பேசி, அம்மா தேறத் தேற நேரத்தைக் குறையுங்கள்.

டெபாசிட்டை மொத்தமாக உடைக்க வேண்டாம்; ஆறு மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். காப்பீடு இருந்தால், வீட்டுக்கு வந்தபின் ஆகும் செலவை எத்தனை நாள்வரை தருவார்கள் என்று பாலிசியில் பாருங்கள். கெடு தாண்டினால் பணம் கிடைக்காது.

கையெழுத்து அம்மாவுடையதாகவே இருக்கட்டும். வசதிக்காகக் கூட்டுக் கணக்கு தொடங்குவார்கள். பின்னால் அந்தப் பணம் யாருடையது என்ற சண்டை வரும். கணக்கை இயக்க மட்டும் அனுமதி தரும் ஏற்பாடு உண்டா என்று வங்கியில் கேளுங்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே, பின்னால் இயலாமல் போனால் யார் முடிவெடுப்பது என்பதையும் வழக்கறிஞரை வைத்து எழுதிவிடுவது நல்லது.

வேலையை விடாமல், சில மாதங்களுக்கு விடுப்போ குறைந்த நேர வேலையோ கேளுங்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளும் நேரமும் பங்களிப்புதான். அண்ணன் பணமாக என்ன தருவார் என்பதை இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் மாதம் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா, இரவில் தனியாகக் கழிவறை போய்வருகிறாரா, படி ஏறி இறங்குகிறாரா? முடிகிறதென்றால் பகல்நேரத் துணையோடு அவர் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். முடியவில்லையென்றால், அம்மாவையும் வைத்துப் பேசுங்கள். அப்போதும் முதலில் வீட்டை வாடகைக்கு விடுங்கள். விற்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.