கார்புரேட்டரை யாரிடம் நம்பிக் கொடுப்பது?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, ஓடுவதில்லை; சிக்னலில் அணைந்துவிடுகிறது. இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரை இரண்டு மெக்கானிக்குகள் கழற்றி சர்வீஸ் செய்தார்கள். இப்போது கரும்புகை வேறு வருகிறது, மைலேஜும் போய்விட்டது. நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்.

அந்தக் கரும்புகை எப்படி வந்திருக்கும் என்று முதலில் சொல்கிறேன். அது புரிந்தால் ஆளை எடைபோடுவது சுலபம்.

உங்கள் வண்டியில் இருப்பது சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டர். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கார்புரேட்டரின் அடியில் த்ராட்டில் ஷாஃப்ட், அதாவது உள்ளே போகும் கலவையின் கதவைத் திருப்பும் தண்டு, திரும்புகிறது. கார்புரேட்டரின் உடம்பு துத்தநாகக் கலவை வார்ப்பு, மென்மையானது. பல வருட ஓட்டத்தில் ஷாஃப்ட் உட்கார்ந்த ஓட்டை தேய்ந்து அகலமாகிவிடும். அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐட்லிங்கில் காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் அணைந்துவிடும். இதைக் கவனிக்காத மெக்கானிக், பெட்ரோல் போதவில்லை என்று ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகை, கம்பியால் குடைந்து பெரிதாக்குவார். ஐட்லிங் அப்படியேதான் இருக்கும், ஓட்டத்தில் கரும்புகை கக்கும். என்னிடம் வந்த ஒரு ஜெட்டில் 115 என்று பொறித்திருந்தது, அதாவது துளை 1.15 மில்லிமீட்டர். 1.3 மில்லிமீட்டர் கம்பி அதில் தாராளமாக நுழைந்தது. பித்தளை ஜெட்டை ஒருமுறை குடைந்துவிட்டால் அது குப்பைதான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இன்ஜினை அணைத்து, ஷாஃப்ட்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் விஷயம் அதுதான். இன்ஜின் ஓடும்போது ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் மெஷின் ஆயில் இரண்டு சொட்டு விடுங்கள். ஐட்லிங் சத்தம் சட்டென்று மாறினால் அங்கே காற்று இழுக்கிறது என்று அர்த்தம். பெட்ரோலை வைத்து இதைச் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும்.

இனி ஆளைத் தேடுவோம். போனதும் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஷாஃப்ட்டில் ஆட்டம் இருந்தால் என்ன செய்வீர்கள்?" கிட் போட்டால் சரியாகிவிடும் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கிட்டில் கேஸ்கட், நீடில் வால்வு, வாஷர் எல்லாம் இருக்கும். தேய்ந்த ஓட்டைக்கு அதில் மருந்து இல்லை. ஓட்டையை ரீமர் என்ற துளைக்கருவி விட்டு நேராக்கி, பித்தளை புஷ் என்ற சின்னக் குழாய் வளையத்தை அடித்து, ஷாஃப்ட்டை அளந்து பொருத்துவேன் என்கிறவர்தான் உங்கள் ஆள். அவர் பெரிய கடை வைத்திருக்க வேண்டியதில்லை. நல்ல லேத்காரரோடு சேர்ந்து வேலை செய்கிற கார்புரேட்டர் மெக்கானிக் போதும். கோயம்புத்தூர்ப் பக்கம் நுணுக்கமான லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி பழைய வண்டிக்காரர்கள் கூடும் இடங்களில் விசாரியுங்கள். யார் நல்லவர் என்று மட்டும் கேட்காதீர்கள், வேலை முடிந்து ஒரு வருடம் கழித்தும் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள்.

இன்னொரு அடையாளம் உண்டு. நல்ல மெக்கானிக் கார்புரேட்டரைத் தொடும் முன், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறப்பார். தீப்பொறி சம்பந்தப்பட்ட பாயின்ட் இடைவெளி, கண்டென்சர், டைமிங் பார்ப்பார். இவை கெட்டிருந்தாலும் கார்புரேட்டர் கோளாறு மாதிரியேதான் காட்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறவரைக் கண்டால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும். ஓட்டையான ஃப்ளோட் பெட்ரோல் குடித்து மூழ்கும். அதுவும் ஓவர்ஃப்ளோவுக்கும் கரும்புகைக்கும் ஒரு காரணம்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறிக் கெட்டுவிடும், ஈரம் சேர்ந்தால் துத்தநாகமும் அரிக்கும். அதனால் எத்தனால் தாங்கும் ரப்பரும் ஹோஸும் போடச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன் கார்புரேட்டரை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, உடம்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சின்னதாகப் பஞ்ச் அடித்துவையுங்கள். மாற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். குடைந்த ஜெட்டுக்குப் பதில் சரியான எண்ணில் புது ஜெட் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

மாட்டியதும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை சரி. கரிபடிந்திருந்தால் வேறு ஆளைத் தேடாமல் அவரிடமே திரும்பப் போங்கள். ஃப்ளோட் உயரத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.