அந்தத் 'திடீர்' செலவு போன வருடமும் வந்தது

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். 13, 8 வயதில் இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். வருமானம் குறைவு என்று சொல்ல முடியாது, ஆனாலும் 20 தேதிக்கு மேல் கையைப் பிசைகிறோம். இருவருக்குமாக ஐந்து வங்கிக் கணக்கு, மூன்று கிரெடிட் கார்டு, ஒரு வீட்டுக்கடன். செலவு எழுதும் ஆப்பை மூன்று முறை ஆரம்பித்து விட்டுவிட்டேன். வீடு முழுக்கச் சாமான், அதை ஒழுங்குபடுத்துவதிலேயே எனக்கு சனி ஞாயிறு போய்விடுகிறது. பணப்பேச்சை எடுத்தாலே சண்டை வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நான்காவது முறையாக ஆப்பை ஆரம்பிக்காதீர்கள், அது முதல் விஷயம். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து செலவு எழுதும் பழக்கம் சிலருக்கு ஒத்துவரும், மூன்று முறை விட்டவருக்கு ஒத்துவராது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் செலவில் பெரும்பகுதியை வங்கி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. கடந்த 12 மாத ஸ்டேட்மென்ட்டை எல்லாக் கணக்குக்கும் எல்லாக் கார்டுக்கும் எடுத்து, ஒரு மாலை நேரம் இருவருமாக உட்கார்ந்து, மாதாமாதம் வராத செலவை மட்டும் பேனாவால் சுழியுங்கள். பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், வண்டி சர்வீஸ், வீட்டு வரி, ஊருக்குப் போய்வந்தது, கல்யாணத்துக்கு வைத்த மொய், உடைந்த போனுக்குப் பதில் வாங்கிய போன், மாமியாரின் கண் பரிசோதனை, இப்படி. எல்லாவற்றையும் கூட்டி 12 ஆல் வகுங்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பேச்சை நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருவர், "இந்த மாசம் பார்த்து திடீர்னு கார் இன்சூரன்ஸ் வந்துடுச்சு சார்" என்றார். கார் இன்சூரன்ஸ் எப்படித் திடீரென்று வரும்? எந்தத் தேதியில் முடிகிறது என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது, போன வருடமும் அதே மாதத்தில்தான் கட்டியிருக்கிறார், போன வருடமும் திடீரென்றுதான் சொல்லியிருப்பார். உங்கள் 20 தேதிப் பள்ளமும் பெரும்பாலும் இதுதான். சம்பளத்தில் மாதச் செலவை மட்டும் கழித்துவிட்டு மிச்சம் இருக்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் அந்த மிச்சம் ஏற்கெனவே பள்ளிக்கும் வண்டிக்கும் சேர வேண்டிய பணம்.

இந்தச் செலவெல்லாம் கூட்டினால் வருடத்துக்கு மொத்தம் 1,20,000 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10,000. சம்பளம் வந்த அன்றே அது தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும், மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்றால் மிஞ்சாது. முதல் சில மாதம் இறுக்கமாக இருக்கும், ஏனென்றால் இந்த மாதச் செலவுக்கும் வரப்போகும் செலவுக்கும் சேர்த்து எடுத்து வைக்கிறீர்கள். அடுத்த பள்ளிக் கட்டணத்தைக் கார்டை எடுக்காமல் கட்டும்போது வித்தியாசம் தெரியும்.

ஐந்து கணக்கு வேண்டாம், மூன்று போதும். சம்பளம் வந்து இஎம்ஐ, பில் எல்லாம் போகிற கணக்கு ஒன்று, கடைகண்ணிச் செலவுக்கு ஒன்று, இந்த வருடச் செலவுக்கு ஒன்று. கடைச் செலவுக் கணக்கில் மாதம் இவ்வளவு என்று போட்டுவிட்டால் அதில் மீதி என்ன என்று பார்த்தாலே போதும், ஆப் செய்ய வேண்டிய வேலையை அந்த ஒரு எண் செய்துவிடும். ஆனால் மற்ற கணக்குகளை அவசரப்பட்டு மூடாதீர்கள். நான் அவசரக்குடுக்கையாக ஒன்றை மூடினேன், என் ஆயுள் காப்பீட்டு பிரீமியம் அதிலிருந்துதான் ஆட்டோ டெபிட் ஆகிக்கொண்டிருந்தது என்பது பாலிசி காலாவதியான பிறகுதான் தெரிந்தது. மறுபடி மருத்துவப் பரிசோதனை, ஏகப்பட்ட படிவம், வீட்டில் வாங்கிய திட்டு தனி. எது எது தானாகக் கழிகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, இரண்டு மூன்று மாதம் எந்தக் கழிவும் இல்லை என்று உறுதியான பிறகு மூடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கழிவது இதில் மாட்டாது, அதனால் அந்த 12 மாத ஸ்டேட்மென்ட்டை வைத்தும் ஒருமுறை சரிபாருங்கள்.

கார்டுகளில் பாக்கியை முழுதாகக் கட்டுகிறீர்களா, மினிமம் டியூ (அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது என்றால் வீட்டுக்கடனைப் பற்றி இப்போது பேச வேண்டாம், இதுதான் அவசரம். மாதம் 3 சதவீத வட்டி என்று கேட்டால் சின்னதாகத் தெரியும், வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். பாக்கி 100 என்று வைத்து, கார்டைத் தொடாமல், ஒவ்வொரு மாதமும் 5 சதவீதம் மினிமம் மட்டும் கட்டிப் பாருங்கள். ஒரு வருடத்தில் 55 கட்டியிருப்பீர்கள், பாக்கி 77 நிற்கும். அந்த 55 இல் 32 வட்டிக்கே போயிருக்கும். மூன்று கார்டிலும் பாக்கி இருந்தால், கணக்குப்படி வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைப்பதுதான் லாபம், ஆனால் ஒன்றில் கொஞ்சம்தான் நிற்கிறது என்றால் அதை முதலில் முடித்துத் தலைமுழுகுவதையும் நான் தடுக்க மாட்டேன், ஒன்றை முடித்த தெம்பில் மற்றதைச் சமாளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு கார்டு போதும்.

கார்டு முடிந்ததும் மூன்று முதல் ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகையைச் சேருங்கள். இது வேலை போனால், உடம்பு படுத்தால் எடுப்பதற்கு. வருடச் செலவுக் கணக்கு வேறு, இது வேறு, கலக்காதீர்கள். அதற்கு அப்புறம் கையில் பணம் நின்றால் வீட்டுக்கடன். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் வாங்கியதைவிடக் கூடுதலாகவே வட்டி கட்டுவோம், ஆனால் ஆரம்பத்திலிருந்தே வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டிவந்தால் கடன் சுமார் மூன்றரை வருடம் முன்னதாகவே முடிந்துவிடும்.

இனி சாமான். இதையும் பணத்தையும் இரண்டு பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கென்னவோ ஒன்றாகத்தான் படுகிறது. வீட்டில் எத்தனை கத்தரிக்கோல் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான்கு இருந்தது, நான்குமே தேவைப்பட்ட நேரத்தில் கிடைக்காததால் வாங்கியது. சார்ஜர் ஒயர், பேட்டரி, டேப், பிள்ளைகளின் பென்சில் எல்லாம் அப்படித்தான். முதலில் எதையும் தூக்கி வெளியே போட வேண்டாம், உள்ளே வருவதை நிறுத்துங்கள். வாங்க நினைப்பதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி ஒரு வாரம் விடுங்கள், மருந்து, மளிகை தவிர மற்றதெல்லாம் ஒரு வாரம் தாங்கும், சிலது எதற்காக எழுதினோம் என்பதே மறந்துபோகும். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு இழுப்பறை, 15 நிமிஷம், அவ்வளவுதான். ஒழுங்குபடுத்துவதற்கென்று புதிதாக டப்பாவும் கூடையும் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள், அந்தக் கூத்து நிறைய வீட்டில் நடக்கிறது. மாமியாரின் அலமாரியில் கை வைக்க வேண்டாம். அவரவர் சாமானை அவரவர்தான் கழிக்க வேண்டும், 13 வயதுப் பிள்ளைக்கும் இதே விதிதான்.

சண்டையைப் பற்றி. உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கையைப் பிசைவது 'நாங்கள்', ஆனால் ஆப்பில் எழுதியது 'நான்', சனி ஞாயிறு போவது 'எனக்கு'. எந்தத் தேதியில் எதைக் கட்ட வேண்டும், யாருக்கு யூனிஃபார்ம் சிறுத்துவிட்டது, சமையல் கேஸ் எப்போது தீரும் என்பதெல்லாம் ஒரே ஆளின் தலையில் ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பணப்பேச்சும் புகாராகத்தான் ஆரம்பிக்கும். "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள், உதவி என்றால் ஞாபகப்படுத்துகிற வேலை உங்களிடமே நிற்கும். ஒரு பொறுப்பை அடியோடு கணவரிடம் மாற்றிக் கொடுங்கள். பள்ளிக் கட்டணம் அவருடையது என்றால் தேதியைத் தெரிந்துகொள்வது, கட்டுவது, ரசீதை ஃபைலில் வைப்பது எல்லாமே அவர். ஒருமுறை மறந்து அபராதம் விழுந்தால் விழட்டும், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் உங்களுக்குக் கஷ்டமான வேலை.

பணம் பேசுவதற்கு மாதத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், விடுமுறை நாள் காலையில். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு களைத்துப்போய் உட்கார்ந்து பேசினால் வட்டி விகிதத்தில் ஆரம்பித்து அவரவர் பிறந்த வீட்டில் போய் முடியும். அடுத்த இரண்டு மாதத்தில் என்ன பெரிய செலவு, வருடக் கணக்கில் அதற்குப் பணம் இருக்கிறதா, எந்தச் சந்தாவை நிறுத்தலாம், இதற்கு மேல் பேச வேண்டாம். உங்கள் இருவருக்கும், மாமியாருக்கும் ஆளுக்கு ஒரு சிறு தொகை கணக்குக் கேட்காத பணமாக இருக்கட்டும், அதில் மற்றவர் எதை வாங்கினாலும் நீங்கள் புருவத்தைத் தூக்கக் கூடாது. பெரிய பிள்ளையை அந்த அரை மணியில் உட்கார வையுங்கள், வருடச் செலவுப் பட்டியலைக் காட்டுங்கள், சம்பளம் எவ்வளவு என்று சொல்வது உங்கள் இஷ்டம். எட்டு வயதுக்குத் தன் பையைத் தானே அடுக்கினால் போதும்.

ஒரு ஃபைல் வேண்டும். எந்த வங்கியில் என்ன கணக்கு, என்ன பாலிசி, கடன் பாக்கி, எதில் யார் நாமினி என்று ஒரே தாளில், பாஸ்வேர்டு மட்டும் அதில் எழுதாமல். ஃபைல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நாமினி இடத்தில் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பெயரே இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், நிறையப் பேருக்கு இருக்கும்.

எல்லாவற்றையும் இந்த மாதமே செய்யாதீர்கள். முதல் மாதம் அந்த 12 மாதப் பட்டியலும் தனிக் கணக்கும் மட்டும், கார்டில் பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து. கணக்கு மூடுவதும் இழுப்பறையும் காத்திருக்கலாம். செலவு எழுதும் ஆப்பை வேண்டுமானால் இன்றைக்கே நீக்கிவிடுங்கள், ஆனால் அதற்கு முன் அதன் சந்தா கார்டில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், ஆப்பை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது.