கோவாக்கட்டையைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஆறு பாத்தி இருக்கிறது. மூன்றில் கோவா (முட்டைக்கோஸ்) வெட்டி முடிந்து கட்டை மட்டும் நிற்கிறது. இரண்டில் போஞ்சி காய்ந்துவிட்டது. ஒன்றில் லீக்ஸ். கட்டை, கொடி எல்லாவற்றையும் கொத்திப் புரட்டி மண்ணுக்குள் விட்டால் உரமாகும் என்கிறார் வீட்டுக்காரர். அடுத்து நோக்கோலும் கரட்டும் போட நினைக்கிறோம். சரிதானா?
- வாசகி, இராகலை

பதில்: தங்கச்சி, கொத்துவதற்கு முன்னால் பாத்திக்கு நாலு கோவாக்கட்டையை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, நூல்நூலாக இருந்தால் பயமில்லை. இஞ்சிக்கிழங்கு மாதிரி வீங்கித் திரண்டிருந்தால் வீட்டுக்காரர் சொன்னபடி செய்யவே வேண்டாம்.

அது வேர் வீங்கும் நோய். விவசாயப் போதனாசிரியர்கள் கிளப் ரூட் என்பார்கள். வீங்கிய வேர் மண்ணுக்குள் அழுகும்போது நோய்வித்து முழுவதும் அங்கேயே கொட்டிவிடும். பத்து வருடத்துக்கு மேலேயும் அது சாகாமல் கிடக்கும். கந்தப்பளைப் பக்கம் நாங்கள் இருந்தபோது, அப்படிப்பட்ட கட்டைகளை நான் உரக்குழியில் போட்டு, அந்த உரத்தை எல்லாப் பாத்திக்கும் இறைத்துவிட்டேன். அடுத்த போகத்தில் நடுப்பகலில் செடிகள் வாடித் தொங்கின, சாயங்காலம் நிமிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். பிடுங்கிப் பார்த்தால் ஒரு பாத்தி பாக்கியில்லாமல் வேர் வீங்கியிருந்தது. அந்தத் தப்பு உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

வீங்கிய வேரை நறுக்கி மாட்டுக்கும் போடாதீர்கள். சாணத்தோடு அது திரும்பித் தோட்டத்துக்கே வரும். ஓடையில் எறிந்தால் கீழே இருப்பவர் பாத்திக்குப் போகும். சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் காயவைத்து எரித்துவிடுங்கள். மேல் இலைகள் நன்றாக இருந்தால் மாட்டுக்குப் போடலாம். நோயில்லாத பாத்திகளை முதலில் துப்புரவு பண்ணி, நோய்ப் பாத்தியைக் கடைசியாக வையுங்கள். முடிந்ததும் மண் கிளறுகிற முள்ளு, மம்பட்டி, கால் எல்லாம் கழுவவேண்டும். ஈரமண் ஒட்டிப் போகிற இடமெல்லாம் நோயும் போகும்.

நம் மலைநாட்டில் பெய்கிற மழைக்கு மண் புளிப்பாகிவிடுகிறது. தேயிலைக்கு அது பிடிக்கும், இந்த நோய்க்கும் பிடிக்கும். அதனால் டொலமைட் என்கிற சுண்ணாம்புப் பொடியைத் தூவி மண்ணோடு கலந்து, சில வாரம் விட்டு நடுங்கள். அது நோயை அடக்கும், அடியோடு அழிக்காது. டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் உரம் காற்றில் போய்விடும். நோக்கோல் கோவாவின் சொந்தக்காரன், ராபுவும் அப்படியே. வீங்கிய வேர் கண்ட பாத்தியில் அவற்றை வைக்காமல் கரட் போடுங்கள். பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், கரட் இரண்டு கால் மூன்று கால் விட்டுப் பிரியும்.

வேர் நன்றாக இருந்தாலும் கட்டையை நிற்கவிடாதீர்கள். அது மறுபடி துளிர்க்கும், இலையைத் துளைக்கிற புழு அந்தத் துளிரில்தான் பெருகும். நல்ல கட்டையை மட்டும் கத்தியால் பிளந்து உரக்குழியில் போடுங்கள். முழுசாகப் போட்டால் நம் குளிருக்கு மக்க ரொம்ப நாள் எடுக்கும். வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தியை வெட்டி இடையிடையே போட்டால் சீக்கிரம் மக்கும்.

போஞ்சிக்கு வேறு கணக்கு. அதைப் பிடுங்கவேண்டாம், மண் மட்டத்தில் அறுத்துவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள். வேர் முடிச்சில் தழைச்சத்து இருக்கிறது என்பார்கள். காய் பறித்து முடிந்த செடியில் அது பெரிதாக மிஞ்சாது. எனக்கு முக்கியம், சரிவில் அந்த வேர் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதுதான். ஆனால் அடித்தண்டு தடித்து வெடித்திருந்தால் உள்ளே போஞ்சி ஈயின் கூடு இருக்கும். அந்தச் செடிகளை மட்டும் பிடுங்கி எரியுங்கள். லீக்ஸ் பாத்தியை இப்போதைக்குத் தொடவேண்டாம். மழைநாளில் எல்லாப் பாத்தியையும் ஒரே நேரத்தில் கொத்திப் போட்டால் மேல்மண் ஓடிவிடும்.

கேள்வி: கிழங்கு தோண்டிய பாத்தியில் தானாக உருளைக்கிழங்கு முளைக்கிறது. விட்டுவைக்கலாமா?
- வாசகர், வெலிமடை

பதில்: வேண்டாம் தம்பி. இலை கருகும் நோய் உயிருள்ள கிழங்குக்குள் ஒளிந்திருந்து, பனிமூட்டமும் மழையும் வந்ததும் பக்கத்துச் செடிக்குப் பாயும். மேலே கிள்ளினால் மறுபடி முளைக்கும். முள்ளு போட்டு, அடியில் இருக்கிற சின்னக் கிழங்கு வரை எடுத்துவிடுங்கள்.