தண்டவாளக் கேள்விகள்: நம்ம ஊர்க்காரர்களுக்குச் சில பதில்கள்

மதுரைக் கோட்டத்தில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உலக ரயில்களையும் டிராம்களையும் பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி: ஐயா, எங்க மீட்டர் கேஜ் ரயிலை 2010 கடைசியில நிறுத்துனாங்க. திரும்பப் போடிக்கு ரயில் வர 2023 ஆயிருச்சு. வெளிநாட்டுலயும் கேஜ் மாத்த இவ்வளவு நாள் இழுக்குமா?

அமெரிக்காவில் இரண்டே நாளில் முடித்திருக்கிறார்கள். 1886 மே 31, ஜூன் 1 ஆகிய தேதிகளில், தென் மாநிலங்களில் 5 அடி கேஜில் (கேஜ் என்றால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவிலுள்ள அகலம்) ஓடிக்கொண்டிருந்த சுமார் 18,500 கிலோமீட்டர் பாதையை 4 அடி 9 அங்குலமாகக் குறுக்கினார்கள். புது இடத்தில் ஆணிகளை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். அந்த நாள் வந்ததும் ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் 3 அங்குலம் உள்ளே தள்ளி ஆணியை இறுக்கினார்கள். தண்டவாளத்தைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் கட்டையும் பாலமும் மண்மேடும் பழையவையே.

உங்கள் பாதையில் 1,000 மில்லிமீட்டர் 1,676 ஆக விரிய வேண்டியிருந்தது. மீட்டர் கேஜ் கான்கிரீட் கட்டையின் நீளம் 2 மீட்டர், பிராட் கேஜ் கட்டைக்கு 2.75 மீட்டர். அதனால் பழைய கட்டை ஒன்றுகூட உதவாது. கரையை அகலப்படுத்தணும், பாலங்களைப் புதிதாகக் கட்டணும், ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை இன்னும் வெட்டணும். குறுக்குவது சுலபம், விரிப்பது கிட்டத்தட்டப் புதுப் பாதை போடுகிற வேலை. அதற்காகப் பன்னிரண்டு வருடம் நியாயம் என்று சொல்ல மாட்டேன். வேலை பெரியது என்பது உண்மை; பணம் சிறுகச் சிறுக வந்ததும் உண்மை. உங்கள் கோபத்தில் தப்பில்லை.

திருமங்கலம் கல்லூரி மாணவர்: சார், ரெண்டு நாட்டுக்கு ரெண்டு கேஜ் இருந்தா எல்லையில என்ன செய்வாங்க?

போலந்தில் கேஜ் 1,435 மில்லிமீட்டர், பக்கத்துப் பெலாரஸில் 1,520. எல்லை ஊரான பிரெஸ்டில் பயணிகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியிலுள்ள சக்கரத் தொகுதியை உருட்டி எடுத்துவிட்டு வேறு அகலத் தொகுதியைச் செருகி வந்தார்கள். ஸ்பெயின்காரர்கள் வேறு வழி கண்டார்கள். அவர்களுடைய டால்கோ ரயிலில் சக்கரங்களே பக்கவாட்டில் நகரும். ஒரு சிறப்புப் பாதையில் மெல்ல ஊர்ந்து போனால் போதும், மறுமுனையில் வெளியே வரும்போது அகலம் மாறியிருக்கும். 1969லிருந்து பல வருடம் இப்படித்தான் பிரான்ஸ் எல்லையைத் தாண்டினார்கள்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். நம்ம 1,676 கேஜிலேயே அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நகர ரயில் ஓடுகிறது. அந்த நாட்டில் மற்றவை பெரும்பாலும் 1,435 என்பதால், அவர்களுக்கான பெட்டிகளைத் தனியாகச் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

தெற்கு மாசி வீதியிலிருந்து ஒரு அம்மா: டிராம் வந்தா எங்க வீதியில ஓடுமா? தேர் வர்றப்ப மேல கம்பி இடிக்குமே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. தேர் உயரத்துக்கு முன்னால் தலைக்கு மேல் போகிற மின்கம்பி நிற்காது. ஆனால் கம்பி இல்லாமலும் டிராம் ஓடும். பிரான்சில் போர்டோ நகரத்தின் பழைய கட்டடங்களுக்கு முன்னால் கம்பி தொங்கக் கூடாது என்று, 2003இல் தொடங்கிய டிராமுக்கு மையப் பகுதியில் தரையிலிருந்தே மின்சாரம் கொடுத்தார்கள். இரு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று, சிறு சிறு துண்டுகளாக. டிராமின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் துண்டில் மட்டும் மின்சாரம் பாயும். டிராம் நகர்ந்ததும் அது அணைந்துவிடும், ஆள் தாராளமாக மிதித்து நடக்கலாம்.

தரைக்குள்ளிருந்து மின்சாரம் எடுப்பதை நம் சென்னை முதலிலேயே பார்த்துவிட்டது. 1895இல் அங்கே ஓடிய மின்சார டிராம்தான் இந்தியாவில் முதலாவது. தொடக்கத்தில் மின்கம்பி தரைக்கடியில் ஒரு பள்ளத்தில்தான் ஓடியது, பிறகுதான் மேலே ஏறியது. 1953இல் அந்த டிராமை மூடிவிட்டார்கள். இன்றும் எனக்கு மனசு ஆறாத விஷயம் அது. கல்கத்தா 1873இல் குதிரை இழுத்த டிராமில் தொடங்கி, பெருமளவு சுருங்கினாலும் இந்த நூற்றாண்டுக்குள்ளும் அதைக் கொண்டுவந்தது.

வீதி குறுகலாக இருப்பது பெரிய தடையில்லை. லிஸ்பனின் சில சந்துகளில் ஒரே பாதைதான். எதிரே வருகிற டிராம் சிக்னல் விழும்வரை காத்து நிற்கும்.

சிம்மக்கல், நாலாம் வகுப்புப் பாப்பா: தாத்தா, யானை ரயில்ல போகுமா?

ஒரு குட்டி யானை போயிருக்கு பாப்பா! ஜெர்மனியில் வுப்பர்டால்னு ஒரு ஊர். அங்கே ரயில் தண்டவாளத்துக்கு அடியில் தொங்கிக்கிட்டே போகும், பெரும்பகுதி ஆத்துக்கு மேலேயே. 1901லேருந்து ஓடுது. 1950இல் டுஃபின்னு ஒரு சர்க்கஸ் யானையை விளம்பரத்துக்காக அதில் ஏத்துனாங்க. அது மிரண்டு, பெட்டியின் பக்கவாட்டைப் பிச்சுக்கிட்டு ஆத்துல குதிச்சிருச்சு. பெரிய காயம் ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் உயிரோட இருந்துச்சு.

மேலூர்: உலகத்துலயே செங்குத்தான ரயில் நம்ம ஊட்டி ரயில்தானே அண்ணே?

இல்லை தம்பி. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறும்போது, அதிகபட்சமாக 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும். சுவிட்சர்லாந்தில் பிலாட்டஸ் மலை ரயில் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது, 1889லிருந்து. அந்தச் சரிவில் மேலிருந்து கீழாகப் பதியும் பல்சக்கரம் நழுவி மேலே வந்துவிடும். அதனால் நடுத் தண்டவாளத்தின் இரு பக்கமும் பல் வைத்து, படுத்த நிலையில் இரண்டு சக்கரங்கள் இடுக்கிப் பிடிக்கிற மாதிரி செய்தார்கள்.

சோழவந்தான் பெரியவர்: முன்னாடி தடக் தடக்னு சத்தம் கேக்கும். இப்ப காணோமே?

முன்பு 13 மீட்டர்த் தண்டவாளத் துண்டுகளைப் பிஷ் பிளேட் என்ற இணைப்புத் தகடு வைத்துப் பூட்டுவோம், வெயிலில் இரும்பு நீள இடைவெளி விட்டு. அந்த இடைவெளிதான் சத்தம். இப்போது கிலோமீட்டர் கணக்கில் வெல்டிங். அப்படியென்றால் நீளம் எங்கே போகும்? 30 டிகிரி கூடினால் ஒரு கிலோமீட்டர் இரும்பு 35 சென்டிமீட்டர் அளவுக்கு நீளப் பார்க்கும். கான்கிரீட் கட்டையும் கிளிப்பும் ஜல்லியும் அதை நகரவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கின்றன. ஜல்லி சரிந்து பிடி தளர்ந்தால் பாதை பாம்பாக நெளிந்துவிடும். சித்திரை வெயிலில் நாங்கள் ரோந்து நடந்தது அதற்காகத்தான். இங்கிலாந்தில் சூடு ஏறாமலிருக்கத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் வெள்ளையடிக்கிறார்கள்.

பரமக்குடி: பாம்பன்ல காத்து அடிச்சா ரயிலை நிறுத்துறாங்களே, வேற நாட்டுலயும் உண்டா?

உண்டு, இருக்கவும் வேண்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன பயணி ரயில் அப்படியே கடலோடு போனது நம் பக்கத்துக் குடும்பங்கள் மறக்காத துக்கம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலை அனுப்பக் கூடாது என்று விதி இருந்தது. ஜப்பானில் அமருபே என்ற இடத்தில் 41 மீட்டர் உயரப் பாலம். 1986 டிசம்பரில் பயணிகள் இல்லாமல் வந்த ரயிலைக் காற்று கீழே தள்ள, பெட்டிகள் அடியிலிருந்த நண்டு பதனிடும் ஆலைமேல் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். 2010இல் அங்கே காற்றுத் தடுப்புடன் கான்கிரீட் பாலம் வந்தது. தாமதம் என்று ஸ்டேஷனில் யாராவது சத்தம் போட்டால் இதைச் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி: கடைசிப் பெட்டி பின்னாடி பெரிய பெருக்கல் குறி எதுக்கு?

அதைப் பார்த்துத்தான் ரயில் முழுசாகத் தாண்டிவிட்டது என்று ஸ்டேஷன் ஆட்கள் உறுதி செய்வார்கள். குறி இல்லாமல் ரயில் போனால், பாதி வழியில் பெட்டி கழன்று நிற்கிறது என்றே எடுத்துக்கொண்டு, பின்னால் வருகிற ரயிலை அந்தப் பாதையில் விட மாட்டார்கள்.