ரோல்பிளேயிங் ஆட்டங்களில் கதாபாத்திரம் சுமக்கும் பொருள்களைக் கணக்கு வைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவரின் குழு, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறது. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் பொருள்களின் எடையை எழுதிக் கூட்டி வந்தார்கள். போகப்போக எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். மீண்டும் கொண்டுவருவதில் பயன் உண்டா, உண்டென்றால் எளிய வழி எது என்பது கேள்வி. பயன் உண்டு என்பதே என் பதில். ஆனால் பவுண்டுக் கணக்கு வேண்டாம். சுமையை ஆட்டத்தின் வேறு எந்தப் பகுதியோடு பிணைக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், எந்த முறையைக் கொண்டுவந்தாலும் அது மறுபடியும் கைவிடப்படும்.

உங்கள் குழு சோம்பலால் கைவிட்டதாக நான் நினைக்கவில்லை. 2014ஆம் ஆண்டு விதிநூலின் அடிப்படை விதிப்படி, வலிமை எண்ணை 15ஆல் பெருக்கினால் வரும் பவுண்டு வரை ஒருவர் எந்தத் தடையுமின்றிச் சுமக்கலாம். வலிமை 15 உள்ள போர்வீரருக்கு அந்த எல்லை 225 பவுண்டு. பிளேட் கவசம் 65, கேடயம் 6, நீண்ட வாள் 3 என எல்லாவற்றையும் சேர்த்தாலும் 74 பவுண்டுதான் வருகிறது. எட்டவே எட்டாத ஓர் எல்லைக்காக யார் தொடர்ந்து கூட்டிக்கொண்டிருப்பார்கள்? அதே நூலில் ஒரு விருப்ப விதியும் இருக்கிறது. வலிமையைப்போல் ஐந்து மடங்கைச் சுமை தாண்டினால் நடைவேகம் 10 அடி குறையும். பத்து மடங்கைத் தாண்டினால் 20 அடி குறைவதோடு, தாக்குதல் உட்படப் பல உருட்டல்கள் பாதகத்தோடு (இரண்டு பகடையில் குறைந்ததை எடுத்து) உருட்டப்படும். அதே வீரருக்கு இங்கே முதல் எல்லை 75 பவுண்டு. கவசம், கேடயம், வாள் போக எஞ்சுவது ஒரு பவுண்டு, அதாவது ஒரே ஒரு தீப்பந்தம். 10 பவுண்டு கயிறும், நாளொன்றுக்கு 2 பவுண்டு உணவும், 5 பவுண்டு தண்ணீர்ப்பையும் எடுத்தவுடன் அவர் புறப்படும் முன்பே எல்லையைக் கடந்துவிடுவார். முதல் விதியில் எல்லை கண்ணுக்கே தெரிவதில்லை. இரண்டாவதில் அது வாசலிலேயே தடுக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இந்தக் கணக்கு முதலில் எதற்காக வந்தது என்பதைப் பார்த்தால் அது ஏன் வலுவிழந்தது என்பதும் விளங்கும். 1974இல் வெளிவந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எடையின் அலகே தங்க நாணயம்தான். 1981ஆம் ஆண்டின் அடிப்படைத் தொகுப்பிலும் அப்படியே: 400 நாணய எடை வரை சுமப்பவர் பத்து நிமிடம் கொண்ட ஒரு டர்னில் 120 அடி ஆராய்ந்து நடப்பார், 600 வரை 90 அடி, 800 வரை 60 அடி, 1600 வரை 30 அடி. இந்த எண்கள் தனியாக நின்றிருந்தால் அவையும் சலிப்பூட்டும் கணக்காகவே இருந்திருக்கும். ஆனால் அந்த விதிகளில் அலையும் அரக்கர் எதிர்ப்படுகிறாரா என்று பார்க்க இரண்டு டர்னுக்கு ஒருமுறை பகடை உருட்டப்பட்டது. ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் மட்டுமே எரிந்தது. வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொன்னும், கதாபாத்திரம் வளர உதவும் ஓர் அனுபவப் புள்ளி ஆனது.

480 அடி நீளமுள்ள வழியைத் திரும்பிக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை குறைவாக இருந்தால் நான்கு டர்ன், அரக்கர் பகடை இரண்டு முறை, ஒரு தீப்பந்தம். 700 நாணய எடையோடு வந்தால் எட்டு டர்ன், பகடை நான்கு முறை, இரண்டாவது தீப்பந்தத்தையும் கொளுத்த வேண்டும். கூடுதலாக அள்ளிய பொன், எந்தப் பண்டிதர் விளக்கமும் இல்லாமல், தானே ஆபத்தாக மாறிவிடுகிறது. வளர்ச்சிக்கு வழியும் அதே பொன்தான் என்பதால் அதை வீசவும் மனம் வராது. இந்த இழுபறியை நான் மிகவும் மதிக்கிறேன். ரோல்பிளேயிங் ஆட்ட வடிவமைப்பில் இதைப்போல் எளிமையாகவும் ஆழமாகவும் அமைந்த பிணைப்புகள் குறைவு.

பிறகு அந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டன. அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் முதல் பதிப்பில் ஒரு பவுண்டுக்கு 10 நாணயம். 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் 50 நாணயம். 3000 பொன்னின் எடை 300 பவுண்டிலிருந்து 60 பவுண்டாக இறங்கிவிட்டது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அனுபவப் புள்ளிகள் எதிரிகளையும் தடைகளையும் வெல்வதற்கே தரப்பட்டன. நேரமும் வெளிச்சமும் பல மேசைகளில் எண்ணப்படாமலே போயின. எடைப் பட்டியல் மட்டும் நூலில் தங்கிவிட்டது. உங்கள் குழு கைவிட்டது இந்த எச்சத்தைத்தான்.

எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, தீப்பந்தத்தையும் நேரத்தையும் எண்ணத் தொடங்குவது. அதன் பிறகு சுமைக்கு, எடைக்குப் பதிலாக இடங்களை எண்ணும் ஸ்லாட் முறையைப் பயன்படுத்துங்கள். 2023இல் வெளியான ஷேடோடார்க் என்ற ஆட்டத்தின் விதி எனக்குப் பிடித்தது: வலிமை எண் அல்லது 10, இவற்றில் எது பெரிதோ அத்தனை ஸ்லாட், பெரும்பாலான பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லாட், முதல் 100 நாணயத்துக்கு இடம் தேவையில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு நூற்றுக்கும் ஒரு ஸ்லாட். இதில் கூட்டல் இல்லை, நிரம்பிய வரிகளைப் பார்த்தாலே போதும். ஆறாவது தீப்பந்தமா, கயிறா, இன்னொரு நாள் உணவா என்ற கேள்வி எழுத்திலேயே தெரிந்துவிடுவதால் ஆட்டக்காரர்கள் தாமாகவே தங்களுக்குள் பேசிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

2020இல் வந்த மௌஸ்ரிட்டர் என்ற ஆட்டம் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டு செல்கிறது. பொருள்கள் அட்டைத் துண்டுகளாக வெட்டப்பட்டு, கதாபாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டில் அச்சிட்ட கட்டங்களின் மேல் வைக்கப்படுகின்றன. பசி, சோர்வு போன்ற நிலைகளுக்கும் கட்டம் தேவைப்படுகிறது. கெய்ர்ன் என்ற ஆட்டத்தில் பத்து ஸ்லாட்டும் நிரம்பினால் உயிர்ப்புள்ளி பூஜ்யமாகிவிடும். களைப்பு வந்தாலும் ஒரு ஸ்லாட் போய்விடும். உடல் தளர்ந்தவர் எதையோ கீழே போட்டே ஆக வேண்டும் என்பதை ஒரே வரி விதியால் உணர்த்துவது சிறப்பு. ஐந்தாம் பதிப்பிலும் இதைச் சேர்க்கலாம்: எக்ஸாஷன் (களைப்பு) நிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லாட்டை அடைத்துவிடுங்கள்.

தானாகக் கூட்டித் தரும் செயலிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை கூட்டலைச் சரியாகச் செய்கின்றன, ஆனால் விடையை ஒரு மூலையில் ஒளித்துவிடுகின்றன. முகத்துக்கு முன்னால் இருக்கும் தாளே மேல். பிளாக் ஹாக் என்ற ஆட்டத்தின் யூசேஜ் டை (பொருள் தீர்வதைக் காட்டும் பகடை) வேறு சிக்கலுக்கான தீர்வு: பொருளைப் பயன்படுத்தியதும் பகடையை உருட்டி, 1 அல்லது 2 விழுந்தால் அடுத்த சிறிய பகடைக்கு இறங்க வேண்டும். எட்டுமுகப் பகடையில் தொடங்கினால் சராசரியாக ஒன்பது உருட்டல் தாங்கும். அம்பு எண்ணும் வேலையை அது நீக்கும். எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டத்தில் சுமையின் அளவை மட்டும் முன்பே சொல்லிவிட்டு, என்ன பொருள் என்பதைத் தேவைப்படும்போது அறிவிக்கலாம். திருட்டுத் திட்டக் கதைகளுக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் உங்கள் ஆட்டம் நிலவறைகளை ஆராய்வது என்பதால் பரிந்துரைக்க மாட்டேன். அரண்மனைச் சூழ்ச்சியை மையமாகக் கொண்ட ஆட்டமாக இருந்திருந்தால் சுமைக் கணக்கே வேண்டாம் என்றிருப்பேன்.

நடைமுறையில், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் இரண்டே தருணங்களில் சரிபார்த்தால் போதும்: குழு உள்ளே இறங்கும்போதும், புதையலை எடுக்கும்போதும். கோவேறு கழுதையையும் கூலியாளையும் தாராளமாக அனுமதியுங்கள். ஐந்தாம் பதிப்பில் ஒரு கோவேறு கழுதை 420 பவுண்டு சுமக்கும். ஆனால் அதனால் ஏணியில் இறங்க முடியாது, மேலே அதற்கு யாரேனும் காவல் நிற்க வேண்டும், ஆகவே புதிய முடிவுகள் பிறக்கும். பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மாயப் பை மட்டும் வேறு வகை. 2014 விதிப்படி 15 பவுண்டு எடைக்குள் 500 பவுண்டு பொருளை விழுங்கும் அந்தப் பை கைக்கு வந்த மறுகணமே நீங்கள் கட்டிய முடிச்செல்லாம் அவிழ்ந்துவிடும். அதைத் தொடக்க நிலைகளில் தராதீர்கள். தரும்போது, குழு சுமையைப் பற்றிய கவலையைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்று தெரிந்தே தாருங்கள்.